பழத்தை அறுத்துப் படிக்கும் முறை: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வெண்டிக்காய், உழுந்து நெற்று, உமி நீக்கிய அரிசி, வெறுங்காலில் ஏறும் நெருஞ்சி ஆகிய நான்கும் தாவரவியலின் கணக்கில் பழங்களே. பூவின் நடுவே இருக்கும் சூலகம், மகரந்தச் சேர்க்கையும் கருக்கட்டலும் நடந்த பின்னர், உள்ளே இருக்கும் சூல்வித்துகள் வித்துகளாக மாற மாறத் தானும் பருத்து முதிர்ந்து எடுக்கும் வடிவமே பழம் எனப்படுகிறது. அது இனிக்க வேண்டும், சாறு விட வேண்டும், மனிதர் உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. காய், பழம், தானியம், பருப்பு என்று சந்தையில் பிரித்து வைப்பது சமையலுக்கும் விலை பேசுவதற்கும் பொருத்தமானதே. ஆனால் செடியின் உறுப்பாகப் பழத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் அந்தப் பிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் இருக்கும் பொருளின் ஒவ்வொரு பகுதியும் பூவின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த வழிகாட்டி, உயர்தர வகுப்பில் உயிரியலைத் தொடங்கும் மாணவருக்கும், அவர்களுக்குச் செய்முறை காட்டும் ஆசிரியருக்கும், தம் வளவில் நிற்கும் மரங்களை இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்பும் எவருக்கும் உரியது. வன்னியில் தொடங்குவதில் ஒரு வசதி உண்டு. ஒரே வேலிக்குள் பனையும் வேம்பும் முருங்கையும் பப்பாசியும் நிற்கின்றன. வயலில் நெல்லும் மேட்டுக்காணியில் உழுந்தும் எள்ளும் கச்சானும் விளைகின்றன. வீதியைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு வந்துவிடுகிறது. பாடநூலில் வரும் பழவகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கேயே மாதிரி கிடைக்கும்போது, அப்பிளின் படத்தையும் ஸ்ட்ரோபெரியின் படத்தையும் வைத்து மனனம் செய்வதில் பயனில்லை.

ஆயத்தமும் எச்சரிக்கையும்

கூரான சிறு கத்தி ஒன்று, புதிய பிளேட் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று, வெள்ளைத் தட்டு, அடிமட்டம், கோடிடாத கொப்பி, பென்சில் ஆகியவை போதும். கொட்டைகளை உடைக்க ஒரு சுத்தியலும் ஒரு தட்டைக் கல்லும் இருந்தால் நல்லது. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நினைவுக்கு உதவும் என்றாலும், கையால் ஒரு முறை வரைந்தவருக்கே அறைச்சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிவாகும். ஆகவே வரைவதைத் தவிர்க்க வேண்டாம்.

வெளியே போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு அடையாளமோ இருக்கும் இடத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள் புதிதாக வழி எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். பாலை பழுக்கும் காலத்தில் கரடிகள் அந்த மரங்களில் ஏறிப் பழம் தின்னும் என்பதால், விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் காட்டோரப் பாலை மரங்களின் கீழே தனியே போவது நல்லதன்று. ஒதுக்கக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. தொடங்குகிறவருக்குத் தேவையானது அனைத்தும் வளவிலும் வயல் வரம்பிலும் வீதியோரத்திலும் கிடைத்துவிடும்.

அறுத்துப் பார்ப்பது வேறு, வாயில் வைத்துப் பார்ப்பது வேறு. காஞ்சூரையின் பழம் சிறிய தோடம்பழம் போல உருண்டு செம்மஞ்சளாகக் கண்ணைக் கவரும். அதன் தட்டையான வித்துகளில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை ஆகியவற்றின் வித்துகளும் நஞ்சுள்ளவை. எருக்கலையின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலையும் பார்வைக் கோளாற்றையும் உண்டாக்கும். பச்சைக் கஜுக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். சிறுவர்களோடு செய்வதாயின் இவை ஆறையும் தட்டிலேயே வைக்காமல் விடுவதே என் யோசனை.

முதலாவது: பூவிலிருந்து தொடங்குதல்

பழத்தை விளங்கப் பழத்திலிருந்து தொடங்குகிறவர்களே பெரும்பாலும் குழம்புகிறார்கள். காலையில் ஒரு பூசணிக் கொடியின் அருகே போய் நில்லுங்கள். அதில் இரண்டு விதமான பூக்கள் இருக்கும். நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் நேராக மலர்ந்திருப்பது ஆண் பூ. மஞ்சள் இதழ்களுக்குக் கீழே, காம்புக்கும் பூவுக்கும் இடையில், சுண்டுவிரல் நுனியளவு குட்டிப் பூசணி ஒன்று இருந்தால் அது பெண் பூ. அந்தக் குட்டிதான் சூலகம். மகரந்தம் வந்து சேராவிட்டால் அது சில நாட்களில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். வந்து சேர்ந்தால் அதுவே பூசணிக்காயாகும். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து, வெயில் ஏறும்போது வாடிவிடும் ஆகையால், அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்தாக வேண்டும். காலை வேளையில் பூச்சிநாசினி அடிக்கும் தோட்டத்தில் பிஞ்சு உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூலகச் சுவர் பருப்பதற்கான தூண்டல் பெரிதும் வளரும் வித்துகளிலிருந்து வருகிறது. ஒட்சின் என்ற வளர்ச்சிப் பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. வத்தகப்பழமோ வெள்ளரியோ ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி வளைந்திருந்தால் அதை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். பருத்த பக்கத்தில் நிறை வித்துகளும், சூம்பிய பக்கத்தில் வெளிறிய பதர்களும் இருப்பதைப் பல தடவை காணலாம். போதிய மகரந்தம் கிடைக்காமல் ஒரு பகுதிச் சூல்வித்துகள் கருக்கட்டப்படாமற் போனதன் விளைவு அது. வாழை இதற்கு விலக்கு. நாம் உண்ணும் வாழைகளில் கருக்கட்டல் இல்லாமலே சூலகம் பருக்கிறது. பழத்தின் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் வளராமற் போன சூல்வித்துகள்.

பூசணியில் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. இனிக் கத்தரிப் பூவையோ மிளகாய்ப் பூவையோ பிரித்துப் பாருங்கள். அங்கே சூலகம் இதழ்களுக்கு மேலே, உள்ளே இருக்கும். இந்த வேறுபாட்டைப் பூ உதிர்ந்து பல வாரங்களுக்குப் பின்னரும் பழத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் தொடங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் நல்ல கருவி. கத்தரிக்காயில் பச்சை முடியாக இருக்கும் புல்லி காம்புப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஆகவே சூலகம் மேலே இருந்தது. கொய்யாவிலும் மாதுளையிலும் புல்லியின் மிச்சம் காம்புக்கு எதிர்ப்பக்க நுனியில் கிரீடமாக நிற்கிறது. ஆகவே சூலகம் கீழே இருந்தது. நாவற்பழத்தின் நுனியில் சிறு வட்டக் குழியும் அதைச் சுற்றிய விளிம்பும் தெரியும், அதுவும் இவ்வகையே. பாலைப்பழத்தையும் கருங்காலிப்பழத்தையும் காம்போடு எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் புல்லி காம்புப் பக்கத்தில் இருக்கும், கருங்காலியில் அது தடித்த கிண்ணமாகவே பழத்தின் அடியைத் தாங்கி நிற்கும்.

இரண்டாவது: பழமா, வித்தா என்று பார்த்தல்

சிறிய, உலர்ந்த பொருட்களில்தான் இந்த ஐயம் வரும். பழத்தில் பொதுவாக இரண்டு அடையாளங்கள் இருக்கும்: ஒன்று காம்பு இருந்த இடம், மற்றையது சூலகத்தின் மேல் நீண்டு நின்ற தம்பம் இருந்த நுனி. வித்தில் ஒரே ஒரு தழும்புதான் இருக்கும். அது சூலகத்தின் உட்சுவரோடு வித்து இணைந்திருந்த இடம்.

சமையலறையிலிருந்து கொஞ்சம் மல்லியும் கொஞ்சம் கௌபியும் எடுத்துத் தட்டில் வையுங்கள். மல்லிமணியைக் கைவில்லையில் பார்த்தால் ஒரு முனையில் காம்பின் தடமும், மறு முனையில் புல்லியும் தம்பமும் காய்ந்து எஞ்சிய சிறு முளையும் தெரியும். விரல்களுக்கிடையே அழுத்தினால் அது இரண்டு அரைக்கோளங்களாகப் பிரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வித்து உண்டு. எனவே விதை என்று நாம் தோட்டத்தில் தூவுவது உண்மையில் ஒரு பழம். கௌபியிலோ பக்கவாட்டில் ஒரே ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கும். அதை இரவு முழுவதும் ஊற வைத்து, துடைத்து, மெதுவாக நசித்தால் தழும்பின் அருகே ஊசிமுனையளவு துவாரத்திலிருந்து நீர்த்துளி ஒன்று கசியும். அது நுண்துவாரம், இன்னொரு தழும்பு என்று அதை எண்ணிவிடக் கூடாது.

நெல்லில் இந்த விதி நேரடியாக உதவாது. உமி என்பது பூவைச் சுற்றியிருந்த இரண்டு செதில்கள். அது பழச் சுவரன்று. உமியை நீக்கிய முழு அரிசியே பழம். அதன் சுவர், வித்தின் தோலாகிய வித்துறையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போயிருப்பதால் தனியே உரித்துக் காட்ட இயலாது. சிவப்பு நாட்டரிசியை எடுத்துப் பிளேட்டால் குறுக்கே வெட்டினால் சிவப்பு நிறம் வெளிப்புறத்தில் மெல்லிய கோடாக மட்டும் இருப்பதும், உள்ளே வெண்மையாக இருப்பதும் தெரியும். அந்தக் கோட்டில்தான் பழச் சுவர் இருக்கிறது. ஆலையில் நன்றாகத் தீட்டிய நாட்டரிசி வெளுத்துப்போவது, சுவர் தவிட்டோடு போய்விடுவதால்தான்.

மூன்றாவது: குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று

ஒவ்வொரு வகையிலும் குறைந்தது இரண்டு பழங்கள் எடுத்து, ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் அறுக்க வேண்டும். ஒரே பழத்தை இரு வழியிலும் அறுத்தால் பாதி உண்மைதான் தெரியும். குறுக்கு வெட்டு, சூலகத்தை ஆக்கும் இலை போன்ற அலகுகளாகிய சூல்வித்திலைகள் எத்தனை சேர்ந்திருந்தன என்பதைக் காட்டும். நெடுக்கு வெட்டு, வித்துகள் எங்கே தொங்குகின்றன என்பதைக் காட்டும்.

வெண்டிக்காயைக் குறுக்கே அறுத்தால் பெரும்பாலும் ஐந்து அறைகள். ஆமணக்கில் மூன்று. தேசிக்காயில் சுளை ஒவ்வொன்றும் ஓர் அறை. சாறு நிறைந்த சிறு பைகள் அறையின் உட்சுவரிலிருந்து முளைத்த மயிர்கள். பப்பாசியில் அறை ஒன்றுதான். ஆனால் சுவரில் வித்துகள் ஒட்டியிருக்கும் கோடுகள் ஐந்து. இங்கே அறைகளை மட்டும் எண்ணினால் ஒன்று என்று தவறாக முடிவு செய்ய நேரிடும். அறை, வித்து ஒட்டிய கோடு, வெளிப்புற விளிம்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். முருங்கைக்காய் இதற்கு நல்ல பயிற்சி. காய்ந்ததும் அது மூன்று மடல்களாகப் பிளக்கும், உள்ளே மூன்று இறகுகள் கொண்ட வித்துகள் இருக்கும்.

பயற்றங்காயைத் திறந்து பார்ப்பதற்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். முதிர்ந்த காயை இரு மடலாக மெதுவாகப் பிரித்தால் வித்துகள் எல்லாம் ஒரே ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். அதிலும் முதலாவது இடது மடலில், இரண்டாவது வலது மடலில், மூன்றாவது மீண்டும் இடதில் என்று மாறி மாறி இருக்கும். ஒரே ஒரு சூல்வித்திலை இலையைப் போல நடுவே மடிந்து, அதன் இரு விளிம்புகளும் ஒட்டிக்கொண்டதால் சூலகம் உருவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தோட்டத்தில் கிடைக்காது. வித்துகள் இருக்கும் ஓரம் இலையின் விளிம்புகள் சேர்ந்த இடம். வித்தில்லாத மறு ஓரம் இலையின் நடு நரம்பு.

நான்காவது: ஓடு யாருடையது

இந்தப் படிதான் முழு முயற்சியின் மையம். வகைப்படுத்தலில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நேர்கிறது. பழச் சுவரை மூன்று படைகளாகப் பார்ப்பது வழக்கம். தோலாக இருப்பது வெளிக்கனியம், நடுவில் இருப்பது இடைக்கனியம், வித்தை அடுத்திருப்பது உட்கனியம். உட்கனியம் கல்லாக இறுகி வித்தை மூடியிருந்தால் அது உள்ளோட்டுச் சதைக்கனி. சுவர் முழுவதும் சதையாகி, உள்ளே வித்துகள் நேரடியாகக் கிடந்தால் அது சதைக்கனி. ஆனால் பழத்தின் நடுவே கடினமான ஒன்று இருந்தால் அது உட்கனியமா, வித்தின் சொந்தத் தோலா என்பதைத் தோற்றத்தால் சொல்ல முடியாது.

ஒரு வேப்பம்பழத்தையும் ஒரு பாலைப்பழத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சிறியவை, மஞ்சள் நிறம், நீள்வட்ட வடிவம், சதைக்குள் ஒற்றைக் கொட்டை. சோளகம் வீசும் மாதங்களில் பாலைப்பழத்தை வீதியோரத்தில் வாங்கலாம். தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டும் என்பது வன்னியில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இரண்டின் சதையையும் கழுவி நீக்கிவிட்டுக் கொட்டைகளைக் கைவில்லையில் பாருங்கள். வேப்பங்கொட்டை வெளிறி, மங்கலாக இருக்கும். அதை மெதுவாகத் தட்டி உடைத்தால் ஓட்டுக்குள்ளே தனக்கென்று மெல்லிய பழுப்புத் தோல் கொண்ட வித்து ஒன்று தனியே கிடக்கும். ஆகவே ஓடு உட்கனியம்; வேப்பம்பழம் உள்ளோட்டுச் சதைக்கனி. பாலையின் கொட்டையோ மெருகிட்டது போலப் பளபளக்கும் பழுப்பு நிறம். அதன் அடிப்பக்கத்தில் மட்டும் மினுமினுப்பில்லாத சொரசொரப்பான தழும்பு ஒன்று இருக்கும். உடைத்தால் உள்ளே வேறொரு தனி வித்து இல்லை; வெண்ணிறப் பருப்புத்தான் இருக்கும். தழும்பு தாங்கி நிற்பது வித்து, ஆகவே அந்தப் பளபளப்பான ஓடு வித்துறை, பாலைப்பழம் சதைக்கனி. பழவகையைச் சொல்வதற்கு முன் கொட்டையை உடைக்காதவரின் விடையை நம்ப வேண்டியதில்லை என்பது என் எண்ணம், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும்.

இதே சோதனையைப் பனை, ஈச்சை என்ற இரண்டு பனைக் குடும்பத்து மரங்களில் செய்து பார்த்தால் வியப்பாக இருக்கும். பனம்பழத்தில் வழுவழுப்பான கருந்தோல் வெளிக்கனியம். தும்பும் களியும் சேர்ந்த செம்மஞ்சட் பகுதி இடைக்கனியம், பனாட்டுப் போடுவது அதில்தான். உள்ளே வழக்கமாக மூன்று கொட்டைகள், ஒவ்வொன்றின் கடின ஓடும் உட்கனியம். எனவே இது உள்ளோட்டுச் சதைக்கனி, ஆனால் மூன்று கல் கொண்டது. மூன்று சூல்வித்திலைகளின் அடையாளம் அது. நுங்குப் பருவத்தில் அந்த ஓடு இன்னும் இறுகியிருக்காது. நாம் தோண்டி எடுக்கும் வழுவழுப்பான நுங்கு, வித்தின் உணவுச் சேமிப்பாகிய வித்தகவிழையம். அதை மூடியிருக்கும் மெல்லிய தோல் வித்துறை. பாத்தியில் போட்டு முளைக்க விட்ட கொட்டையைப் பிளந்தால் கிடைக்கும் பூரான், அந்தச் சேமிப்பை உறிஞ்சிக் கிழங்குக்கு அனுப்புவதற்காக முளையத்தின் வித்திலை பருத்து எடுத்த வடிவம். ஈச்சம்பழத்திலோ சதைக்கும் வித்துக்கும் இடையில் கடதாசி போன்ற மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கும், உட்கனியம் அவ்வளவுதான். கடினமாக, நீளவாக்கில் ஒரு பள்ளக் கோட்டோடு இருப்பது வித்தேதான். ஆகவே ஈச்சை சதைக்கனி.

தேங்காய்க்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பொச்சு இடைக்கனியம், சிரட்டை உட்கனியம், பருப்பில் ஒட்டிய பழுப்புத் தோல் வித்துறை, வெள்ளைப் பருப்பும் இளநீரும் வித்தகவிழையம். மூன்று கண்கள் மூன்று சூல்வித்திலைகளைக் காட்டுகின்றன; அவற்றுள் வளர்ந்தது ஒன்றுதான், மென்மையான கண்ணின் கீழேதான் முளையம் இருக்கும்.

விளாம்பழம் எதிர்த்திசையில் ஏமாற்றும். கடின ஓடு உள்ளே இல்லாமல் வெளியே இருக்கிறது. ஓடு பழச் சுவரின் வெளிப்பகுதி. வித்துகள் சதைக்குள் நேரடியாகப் பரந்து கிடக்கின்றன. எனவே ஓடு இருந்தும் இது சதைக்கனியே, தேசிக்காயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுக்க முன் பழுத்ததா என்று அறிய, ஓர் அடி உயரத்திலிருந்து கடினமான நிலத்தில் விழ விடலாம். பழுக்காதது துள்ளும், பழுத்தது துள்ளாமல் கிடக்கும்.

ஐந்தாவது: உலர் பழங்கள்

சதையில்லாத பழங்களுக்குக் கேட்க வேண்டியது, முதிர்ந்ததும் தானாக வெடிக்கிறதா, எந்தக் கோட்டில் வெடிக்கிறது என்பதே. உழுந்தும் பயறும் இரண்டு ஓரங்களிலும் வெடிக்கும். சுவரிலுள்ள நார்ப்படைகள் வெவ்வேறு திசையில் ஓடுவதால், உலரும்போது வெவ்வேறு பக்கமாகச் சுருங்கி மடலை முறுக்குகின்றன. முறுக்கு மிஞ்சியதும் ஒட்டு விட்டுப்போகிறது. முற்றிய நெற்றைப் பனி ஈரம் இருக்கும் காலையில் பறிக்கும் பழக்கத்துக்கு இதுவே காரணம். எருக்கலையும் வெப்பாலையும் ஒரே ஓரத்தில் வெடிக்கும். வெப்பாலையில் இரண்டு நீண்ட காய்கள் சோடியாகத் தொங்குவதால் இலையில்லாத காலத்திலும் மரத்தை அடையாளம் காணலாம். எள்ளும் முதிரையும் பல சூல்வித்திலைகள் சேர்ந்த வெடிகனிகள். எள்ளுக்காய் நுனியிலிருந்து பிளக்கும் ஆகையால்தான் வெட்டிய செடிகளை நிமிர்த்தி நிறுத்திக் காய விட்டு, பின்னர் தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிறார்கள். முதிரையின் சிறு காய் மூன்று மடலாகத் திறந்து, இறகுள்ள வித்துகளைக் காற்றில் விடும்.

வெடிக்க வேண்டிய குடும்பத்தில் பிறந்தும் வெடிக்காதவை உண்டு. புளி அவரைக் குடும்பம். அதன் நெற்று திறப்பதில்லை, சுவரின் நடுப்பகுதியே நாம் கரைக்கும் புளியாகிறது. கச்சான் இன்னும் விநோதமானது: கருக்கட்டிய பின்னர் சூலகத்தின் அடியிலுள்ள தண்டு நீண்டு கீழே வளைந்து மண்ணுக்குள் நுழைகிறது, காய் அங்கேதான் முற்றுகிறது. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு வரும்போது வாங்கும் வறுத்த கச்சானில் ஓடு பழச் சுவர். செந்நிற மெல்லிய தோல் வித்துறை. நெருஞ்சி வெடிப்பதில்லை, முள்ளுள்ள ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் மூடியபடியே ஒரு காலிலோ ஒரு ரயரிலோ பயணம் போகும்.

ஆறாவது: ஒரு பூவா, பல பூக்களா

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் ஒரு பூ, ஒரு சூலகம் என்ற ஒழுங்கில் வந்தவை. அன்னமுன்னாவில் பூ ஒன்று, ஆனால் அதற்குள் தனித்தனிச் சூல்வித்திலைகள் பல. அவை ஒட்டி வளர்ந்ததால்தான் மேற்பரப்பில் கட்டங்கள் தெரிகின்றன. இது திரள்கனி. குளத்துத் தாமரையில் அதே ஒழுங்கு ஒட்டாமல் நிற்கிறது. பூவின் உறுப்புகளைத் தாங்கும் பூத்தளம் பஞ்சாகப் பருத்து, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு தனிப் பழம் இருக்கும்.

பலா, பூங்கொத்து முழுவதும் ஒன்றான கூட்டுக்கனி. அதன் வெளித்தோலில் இருக்கும் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. மஞ்சட் சுளை, பூவின் இதழ் போன்ற உறை பருத்தது. சுளைக்குள் கொட்டையைச் சுற்றியிருக்கும் வழுக்கும் மெல்லிய பையே உண்மையான பழச் சுவர். சுளைகளுக்கிடையே நாம் ஒதுக்கும் சடை, கருக்கட்டாத பூக்கள். ஒரு சுளையை உரிக்கும்போதே இவை மூன்றையும் தட்டில் பிரித்து வைத்துப் பழகலாம். ஆலும் அத்தியும் இன்னொரு விதம்: பழம் என்று நாம் சொல்வது உட்குழிந்த பூத்தண்டு. பிஞ்சைப் பிளந்து கைவில்லையில் பார்த்தால் உட்சுவர் முழுவதும் மிகச் சிறிய பூக்களும், சில வேளைகளில் அவற்றை மகரந்தச் சேர்க்கை செய்யும் குளவிகளும் தெரியும்.

கஜுவில் சாறு நிறைந்த பகுதி சூலகத்திலிருந்து வந்ததன்று. அது பூக்காம்பு பருத்தது. ஆகவே அது போலிக்கனி. அதன் நுனியில் தொங்கும் கொட்டையே முழுப் பழம்.

ஏழாவது: எழுதி வைத்தல்

ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எடுத்த இடம், மாதம், மரத்தின் உள்ளூர்ப் பெயர், புல்லி இருக்கும் பக்கம், அறைகளும் வித்து ஒட்டிய கோடுகளும், சுவரின் மூன்று படைகள், ஓடு எதற்குரியது, வெடிக்கும் கோடு, வித்தின் எண்ணிக்கை என்ற ஒழுங்கில் எழுதுங்கள். வகைப் பெயரைக் கடைசி வரியில் மட்டும் எழுத வேண்டும். முதலிலேயே எழுதிவிட்டால் கண் அந்தப் பெயருக்கேற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும். மாதிரிக்கு ஒன்று: "பாலை. மாங்குளத்துக்குத் தெற்கே வீதியோர மரம், யூன். புல்லி காம்புப் பக்கம், பின்னோக்கி மடிந்தது. பழம் மஞ்சள், நீளம் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள். சதை முழுவதும் பால். வித்து ஒன்று, பளபளப்பு, அடியில் தழும்பு. தனி உள்ளோடு இல்லை. சதைக்கனி."

தொடக்கத்தில் வீட்டுத்தோட்டத்துக் காய்கறிகளை முடித்துவிட்டுப் பின்னர் காட்டுப் பழங்களுக்குப் போவது நல்லது. இலந்தை, சூரை, வீரை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் உடைத்துப் பார்த்தால் ஓட்டுச் சோதனை கைவந்துவிடும். மூன்றிலும் உள்ளோடு உண்டு. நாவலையும் அவற்றின் அருகே வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். சதைப் பழங்களைக் குளிரூட்டியில் சில நாட்கள் வைக்கலாம். உலர் பழங்களை வெடிக்கு முன்னர் பறித்து, கடதாசி உறையில் இட்டு, மாதத்தையும் மரத்தையும் உறையின் மேல் எழுதி வையுங்கள். பொலித்தீன் பையில் இட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பழத்தை மட்டும் வைத்து முடிவு கிட்டாத மரம் எதுவாயினும் கடைசி வரியை வெறுமையாக விட்டு, அடுத்த முறை அது பூக்கும்போது பூவைப் பிரித்துப் பார்த்த பின்னர் நிரப்புங்கள்.